மணல் வண்டியும் ஈரமானியும்

1864-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்து கோல்ஃப் கிளப், தன் மைதானத்தைப் பார்த்துக்கொள்ள டாம் மோரிஸை வேலைக்கு அமர்த்தியது. சம்பளம் ஆண்டுக்கு 50 பவுண்டு. மைதானச் செலவுக்குத் தனியாக 20 பவுண்டு. கையில் கொடுத்தது ஒரு ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியும், மண்ணைத் தோண்டவும் அள்ளவும் இரண்டு கருவிகளும். அப்போது அவருக்கு வயது 43. 1861-க்கும் 1867-க்கும் இடையில் பிரிட்டனின் ஓபன் கோல்ஃப் போட்டியை நான்கு முறை வென்ற பெரிய ஆட்டக்காரர் அவர். ஆனாலும் விடியற்காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் புல்லுக்கு மணல் போடுவதுதான் அவர் பிழைப்பு. 1903 வரை அதைச் செய்தார்.

இன்று அதே புல்தரையில் நடப்பவர் கையில் இரண்டு ஊசி வைத்த ஈரமானி இருக்கிறது. ஊசியை மண்ணில் குத்தினால் ஈரம் எத்தனை சதவீதம் என்று எண் வரும். ஒரு க்ரீனில், அதாவது குழியைச் சுற்றியுள்ள ஒட்ட வெட்டிய புல்தரையில், பல இடங்களில் குத்திப் பார்த்துவிட்டு, காய்ந்த திட்டுக்கு மட்டும் குழாயைக் கையில் பிடித்துத் தண்ணீர் காட்டுகிறார்கள். வானிலை முன்னறிவிப்பைப் பார்க்காமல் அன்றைய வேலையை யாரும் தொடங்குவதில்லை. இந்த ஒன்றரை நூற்றாண்டில் கருவிகள் வளர்ந்தன, அறிவு வளர்ந்தது. ஆனால் மழையையும் காற்றையும் தாங்கும் வலிமை அந்த மைதானத்துக்குக் கூடியதா என்று கேட்டால், ஒரு பக்கம் கூடியது, இன்னொரு பக்கம் குறைந்தது என்றுதான் சொல்வேன். குறைந்த பக்கத்துக்குக் காரணம் வானம் மட்டும் அல்ல.

முதலில் அந்த நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடல் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற மணல் அது. மேடும் பள்ளமுமாக, உழவுக்கு ஆகாமல், ஊருக்கும் கடலுக்கும் நடுவில் கிடந்தது. 1552-இல் பேராயர் ஜான் ஹாமில்டன் கொடுத்த பட்டயம் ஊர்மக்கள் அங்கே கோல்ஃப் ஆடும் உரிமையை உறுதி செய்தது. அங்கே முயல் வளர்க்கும் உரிமை பேராயருக்கு. 1797-இல் கடனில் மூழ்கிய நகரசபை நிலத்தை விற்றது. பிறகு அது முயல் வியாபாரிகள் கைக்குப் போயிற்று. கோல்ஃப் ஆடுபவர்களுக்கும் முயல்காரர்களுக்கும் நடந்த சண்டையும் வழக்கும் பல ஆண்டுகள் ஓயவில்லை. 1821-இல் பக்கத்து எஸ்டேட்காரர் ஜேம்ஸ் சீப் நிலத்தை வாங்கி ஆட்டத்துக்கென்று காப்பாற்றினார். மோரிஸ் பிறந்ததும் அதே ஆண்டில்தான்.

இத்தனை நூற்றாண்டுகளில் அந்தப் புல்லை யாரும் விதைக்கவில்லை. ஆடும் முயலும் மேய்ந்தன; உப்புக்காற்று அடித்தது; மணலில் தண்ணீர் நிற்கவில்லை. இவற்றையெல்லாம் தாங்கிப் பிழைத்தது ஃபெஸ்க்யூ என்ற ஊசிப் புல்லும், அதற்குத் துணையாக பென்ட் என்ற நுண்ணிலைப் புல்லும். ஃபெஸ்க்யூ ஆழமாக வேர் விடும். வறட்சி வந்தால் பழுப்பாகி உறங்கும். ஒரு மழை விழுந்தால் எழுந்துவிடும். உரம் அதற்குத் தேவையில்லை. உரம் போட்டால்தான் அதற்குக் கேடு, ஏனென்றால் கொழுத்த மண்ணில் வேறு புற்கள் வந்து அதை நெருக்கிவிடும். ஆண்டு மழை அங்கே சுமார் 700 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதில் பாதி. ஆனால் நம் வடகிழக்குப் பருவமழை போல மொத்தமாகக் கொட்டாமல் எல்லா மாதத்துக்கும் பங்கு வைத்துத் தூறும். குளிர்காலத்தில் பகல் ஏழு மணி நேரம்தான். அந்த மாதங்களில் புல் வளராது. மிதிபட்டால் தேறவும் செய்யாது.

மோரிஸ் வந்தபோது மைதானம் சீர்கெட்டுக் கிடந்தது. அதற்கும் காரணங்கள் உண்டு. 1848 வாக்கில் கட்டா பெர்ச்சா என்ற மரப்பாலில் செய்த பந்து வந்தது. இறகு அடைத்த தோல் பந்தைவிட மலிவு என்பதால் ஆடுபவர் கூட்டம் பெருகியது. தோல் பந்து கிழிந்துவிடுமே என்று அதுவரை ஒதுக்கி வைத்திருந்த இரும்பு மட்டைகளை இப்போது அச்சமின்றி வீசலாம். அவை புல்லைப் பெயர்த்தெடுத்தன. 1852-இல் ரயில் வந்தது. ஒற்றையடிப் பாதை போன்ற குறுகிய மைதானத்தில், போகிறவர்களும் வருகிறவர்களும் ஒரே குழியை நோக்கி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கூட்டத்தை எப்படிப் பரப்புவது, புல்லுக்கு எப்படி ஓய்வு கொடுப்பது என்பதுதான் அன்றைய பராமரிப்பு. அதில் இருந்த அறிவு என்னை வியக்க வைக்கிறது. மோரிஸுக்கு முன்பே அவருடைய குரு ஆலன் ராபர்ட்சன் காலத்தில் க்ரீன்களை அகலப்படுத்தி ஒவ்வொன்றிலும் இரண்டு குழி வெட்டினார்கள். போகிறவருக்கு ஒன்று, வருகிறவருக்கு ஒன்று. இன்று பழைய மைதானம் (ஓல்ட் கோர்ஸ்) என்று அழைக்கப்படும் அங்கே இன்றும் ஏழு க்ரீன்கள் அப்படி இரட்டையாக இருக்கின்றன. பகிர்ந்துகொள்ளும் இரு குழிகளின் எண்களைக் கூட்டினால் 18 வரும். முன்பு, முடித்த குழிக்கு ஓரிரு மட்டை தூரத்திலேயே அடுத்த குழிக்கான பந்தை வைத்து அடிப்பார்கள். ஒரே தரை இரண்டு வகையிலும் அடிபட்டது. மோரிஸ் தொடங்கும் இடங்களைத் தனியே பிரித்தார். ஒரு வாரம் இடப்பக்கமாக, மறு வாரம் வலப்பக்கமாக என்று மைதானத்தையே திருப்பிப் போட்டு ஆடும் வழக்கமும் இருந்தது. ஒரே இடத்தில் பந்தும் காலும் விழாமல் இருக்க அதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது. உங்களுக்கு ஓய்வு வேண்டாமென்றாலும் புல்லுக்கு வேண்டும் என்பதுதான் மோரிஸின் வாதம். அந்தக் கதவடைப்பு இன்றும் தொடர்கிறது. ஓபன் போன்ற சில பெரிய போட்டிகள் தவிர, ஞாயிறன்று பழைய மைதானம் ஊரார் காலாற நடக்கும் இடம்.

மணலுக்கு வருவோம். மோரிஸ் அதற்கு முன் பிரெஸ்ட்விக் ஊரில் வேலை பார்த்தபோது ஒரு வண்டி மணல் தவறுதலாக க்ரீனில் கொட்டியதாகவும், சில வாரங்களில் அந்த இடத்துப் புல் மட்டும் தழைத்து வந்ததாகவும் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, அவர் செய்த காரியம் ஆவணத்தில் இருக்கிறது. உதவியாளரிடம் ஓயாமல் மணல், இன்னும் மணல் என்று கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். மணல் என்ன செய்கிறது? புல்லின் அடியில் மக்கிய தண்டும் வேரும் சேர்ந்து மெத்தை போல் ஒரு படலம் உண்டாகும். மழையில் அது தண்ணீரைப் பிடித்துக்கொண்டு அழுகும். வெயிலில் இறுகி, விழுகிற தண்ணீரையும் உள்ளே விடாது. மெல்லிய மணல் அந்தப் படலத்துக்குள் இறங்கி காற்றுக்கும் நீருக்கும் வழி செய்கிறது. குழியும் மேடும் நிரவப்படுகின்றன. மழைக்காலத்துக்கும் வறட்சிக்கும் ஒரே மருந்து. இன்று ஆண்டு முழுவதும் அவ்வப்போது இயந்திரத்தால் மணல் தூவுகிறார்கள். துளையிடும் இயந்திரம் மண்ணில் ஆழமாக முள் இறக்கி வழி திறக்கிறது. வண்டியும் முள்ளும் மாறின. வேலை மாறவில்லை.

அன்று வானிலையை யாரும் பெரிய பிரச்சினையாகப் பேசியதில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். புல்லை ஆடு கடிக்கும், மிச்சத்தை அரிவாள் அறுக்கும். நீண்ட பிடி வைத்த அரிவாள் பனி நனைத்த புல்லைத்தான் நன்றாக அறுக்கும் என்பதால் விடியலில் வெட்டுவார்கள். எட்வின் படிங் 1830-இலேயே புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தாலும் அது மெதுவாகத்தான் பரவியது. எப்படி வெட்டினாலும் பந்து புல்லின் மேல் ஒரு கூட்டில் உட்கார்ந்த மாதிரி நிற்கும். காற்று அடித்தால் ஆடுபவர் தடுமாறுவார், பந்து நகராது. கோடையில் தரை பழுப்பானால் பந்து ஓடும், அவ்வளவுதான். அப்படியும் ஓர் ஆட்டம் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

நடுவில் ஒரு காலம் வந்தது. இருபதாம் நூற்றாண்டில் குழாய்த் தண்ணீரும் ரசாயன உரமும் கைக்கு எட்டின. வண்ணத் தொலைக்காட்சி வந்தபின் அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்து மரகதப் பச்சையை ஒவ்வொரு ஏப்ரலிலும் உலகம் பார்த்தது. தங்கள் மைதானமும் அப்படி இருக்க வேண்டும் என்று பிரிட்டனின் கிளப்புகளில் உறுப்பினர்கள் கேட்கத் தொடங்கினார்கள். தண்ணீரும் தழைச்சத்தும் மணிச்சத்தும் போய்ச் சேர்ந்தன. விளைவு, ஃபெஸ்க்யூ பின்வாங்கியது. போவா அன்னுவா என்ற ஓராண்டுக் களைப்புல் இடத்தைப் பிடித்தது. அது பச்சையாகத்தான் இருக்கும். ஆனால் வேர் மேலோட்டமானது. நான்கு நாள் வெயிலில் சுருளும். ஈரமான இலையுதிர் காலத்தில் பூஞ்சை பிடித்து வட்ட வட்டமாக அழுகும். அதைக் காக்க மேலும் தண்ணீர், மேலும் மருந்து.

இந்தச் சுழலை எதிர்த்து உரக்கப் பேசியவர் ஜிம் ஆர்தர் என்ற புல் வல்லுநர். உரத்தைக் குறை, தண்ணீரைக் குறை, மண்ணுக்குக் காற்று விடு, மணல் போடு என்று கிளப் கிளப்பாகப் போய்ச் சொன்னார்; அதற்காகப் பலரின் பகையையும் சம்பாதித்தார். அவர் சொன்னதில் புதிதாக எதுவும் இல்லை. மோரிஸ் செய்ததைக் காரணத்தோடு சொன்னார். அவருக்கு கோல்ஃப் உலகம் பட்டிருக்கும் கடன் பெரிது என்பது என் எண்ணம். பச்சை என்பது நலத்தின் நிறம் என்ற நம்பிக்கையை ஒரு தொழிலுக்குள் இருந்துகொண்டே உடைப்பது எளிதல்ல.

அந்தப் பழைய வழி சரி என்பதை அண்மைய கோடைகள் காட்டின. 2018-இல் பக்கத்து ஊரான கார்னூஸ்டியில் ஓபன் நடந்தபோது பல வார வறட்சியில் ஃபேர்வேக்கள், அதாவது தொடங்கும் இடத்துக்கும் க்ரீனுக்கும் நடுவிலுள்ள புல்வெளிகள், வைக்கோல் நிறமாகிவிட்டன. பந்து தரையில் விழுந்தபின் வெகு தூரம் உருண்டு போனது. 2022 ஜூலையில் செயின்ட் ஆண்ட்ரூஸில் 150-ஆவது ஓபன். போட்டி முடிந்த இரண்டாம் நாள் இங்கிலாந்தின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானது. பிரிட்டன் அதற்கு முன் கண்டிராத வெப்பம். அந்த வாரம் ஃபேர்வே க்ரீனைவிட வேகமாக ஓடுகிறது என்று ஆட்டக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். ஆனால் புல் சாகவில்லை. குழாய் இருந்தும் அதை அடக்கிப் பிடித்த கைகளின் கெட்டிக்காரத்தனம் அது. உறங்கும் புல்லுக்கும் சாகும் புல்லுக்கும் பார்வைக்கு நிறம் ஒன்றுதான். வேறுபாட்டை அறிய ஈரமானியும் வேண்டும், குனிந்து மண்ணைக் கிள்ளிப் பார்க்கும் விரலும் வேண்டும்.

இப்போது குறைந்த பக்கம். க்ரீனின் வேகத்தை அளக்க ஸ்டிம்ப்மீட்டர் என்று ஒரு கருவி உண்டு. ஏறத்தாழ ஒரு கஜ நீளச் சட்டம். அதன் பள்ளத்தில் பந்தை வைத்துச் சாய்த்தால் அது தானே உருண்டு இறங்கும். தரையில் எத்தனை அடி ஓடுகிறது என்பதே வேகம். 1970-களின் பின்பாதியில் அமெரிக்க கோல்ஃப் சங்கம் நாடு முழுக்க அளந்தபோது சராசரி ஆறரை அடி. க்ரீன்களை ஒரே சீராக வைத்துக்கொள்ள உதவட்டும் என்றுதான் அந்தக் கருவியைக் கொடுத்தார்கள். எண் கிடைத்ததும் போட்டி வந்தது. இன்று பெரிய போட்டிகளில் 12 அடி, 13 அடி என்பது சாதாரணம். அதற்காகப் புல்லை மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு ஒட்ட வெட்டுகிறார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் வேண்டுமென்றே மெதுவாக, பத்து அடி அளவில் வைத்துக்கொள்கிறது. அங்கே காற்று எப்படி அடிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அப்படியும் தப்பவில்லை. 2010 ஓபனில் வெள்ளிக்கிழமை காற்றில் க்ரீன் மேல் நின்ற பந்துகள் நகர ஆரம்பித்ததால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆட்டம் நின்றது. 2015-இல் இன்னும் மோசம். வெள்ளிக்கிழமை காலை கொட்டிய மழையில் முதல் ஃபேர்வேயிலும் பதினெட்டாவதிலும் தண்ணீர் தேங்கி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம். தேங்கிய நீரைப் பணியாளர்கள் தள்ளி வெளியேற்றினார்கள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. அரை மணி நேரத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று. ஈடன் முகத்துவாரத்தை ஒட்டித் திறந்த வெளியில் கிடக்கும் பதினொன்றாவது க்ரீனில் பந்து நிற்கவே இல்லை. பத்து மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்தார்கள். போட்டி திங்கட்கிழமைதான் முடிந்தது. ஓபன் வரலாற்றில் வானிலையால் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது அது இரண்டாம் முறை.

காற்று ஆட்டத்தை நிறுத்தியது என்று மறுநாள் எழுதினார்கள். பாதிதான் உண்மை. காற்றும் கத்தியும் சேர்ந்து நிறுத்தின. அதே காற்று மோரிஸின் க்ரீன் மேல் அடித்திருந்தால் பந்து புல்லுக்குள் பதுங்கி நின்றிருக்கும். மேசை போல் வழவழவென்று தரையை ஆக்கினோம். அப்படி ஆக்கியதால் காற்றின் தயவில் நிற்கிறோம். பராமரிப்பு உயர உயர வானிலையோடு உள்ள உறவு சிக்கலாகிறது என்பதை அந்தச் சனிக்கிழமையைப் போல வேறெதுவும் எனக்கு உணர்த்தியதில்லை. இன்னும் ஓர் அடி மெதுவாக ஆடுவதில் யாருக்கு என்ன நட்டம்?

குளிர்காலம்தான் இப்போது பணியாளர்களுக்குக் கவலை. உறைபனி படிந்த புல்லை மிதித்தால் இலையின் செல்கள் உடையும். சற்று நேரத்தில் கால் தடம் கறுத்துத் தெரியும். அது எல்லோருக்கும் தெரிந்த பழைய எதிரி. தடுப்பு, க்ரீனை மூடிவிட்டுத் தற்காலிகக் குழியில் ஆட விடுவது. புதிய எதிரி, உறைபனி வராத ஈரமான குளிர்காலம். புல் முழுதாக உறங்காது, பூஞ்சையும் உறங்காது. ஐப்ரோடியோன் என்ற பூஞ்சைக்கொல்லி 2018-இல் பிரிட்டனில் பயன்பாட்டிலிருந்து போயிற்று. மண்புழு மருந்துகளும் போயின. அதனால் பழைய கைவேலை திரும்பியிருக்கிறது. விடியலில் நீண்ட கோலால் புல்லை வீசிப் பனித்துளியை உதிர்ப்பது அதில் ஒன்று. இலை காய்ந்தால் நோய் குறையும் என்று அந்தக் காலத்தவர்களுக்கும் தெரிந்திருந்தது. பழைய மைதானத்தில் ஆண்டுக்குச் சுமார் 45,000 சுற்றுகள் ஆடப்படுகின்றன. குளிர்காலத்தில் ஃபேர்வேயில் கிடக்கும் பந்தை நேராகப் புல்லிலிருந்து அடிக்க விடுவதில்லை. கையோடு கொண்டுபோகும் சிறு செயற்கைப் புல் பாயை விரித்து அதன் மேல் வைத்து அடிக்க வேண்டும். உலகின் மிகப் பழைய கோல்ஃப் தரையில் பாய் விரிப்பதா என்று சிலருக்கு மனவருத்தம். எனக்கு அது இரும்பு மட்டைக்கு எதிராக வாரத்துக்கொரு திசையில் ஆடிய அந்த அறிவின் தொடர்ச்சியாகவே படுகிறது.

மணற்குழிகளைப் பற்றி ஒரு சொல். ஆடுகள் காற்றுக்கு ஒதுங்கிப் படுத்த பள்ளங்களே முதலில் பங்கர்கள் ஆயின என்று சொல்வதுண்டு. இன்று பழைய மைதானத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பங்கர்கள். புல்கட்டிகளைச் செங்கல் போல் அடுக்கிச் சுவர் எழுப்புகிறார்கள். காற்று மணலை வாரிக்கொண்டு போகாமல் இருக்க அது வேண்டும். தெற்குப் பார்த்த சுவர் வெயிலில் முதலில் காய்ந்து உதிரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் பிரித்துக் கட்ட வேண்டும். இயந்திரம் நுழையாத வேலை. குளிர்காலம் முழுக்க அதில் போய்விடும்.

இவையெல்லாம் மண்ணுக்குள் நடப்பவை. மணலும் கையும் இருந்தால் சமாளிக்கலாம். கடல் வேறு. மோரிஸ் காலத்தில் பெருவெள்ள அலை முதல் ஃபேர்வே வரை வந்து புல்லைத் தின்றது. 1890-களில் ஜார்ஜ் புரூஸ் என்ற ஊர்க்காரர் பழைய மீன்பிடிப் படகுகளைக் கொண்டுவந்து கல் நிரப்பிக் கரையில் அமிழ்த்தித் தடுப்பு அமைத்தார். அந்தக் கரைக்கு இன்றும் அவர் பெயர்தான். அதற்கு வடக்கே வெஸ்ட் சாண்ட்ஸ் கடற்கரையில் மணற்குன்றுகள் மைதானங்களுக்கு வேலியாக நிற்கின்றன. நம் கரையில் ராவணன் மீசைப் புல் மணலைப் பிடிக்கிற மாதிரி அங்கே மாரம் புல் பிடிக்கிறது. புதுமணல் மேலே விழுந்து மூடினால்தான் மாரம் வீறோடு வளரும். 2010-இல் ஒரு புயல் குன்றை உடைத்தது. அதன்பின் மணலிட்டு மேட்டை நிரப்பி, கையால் மாரம் நட்டு, நடைபாதை ஒதுக்கி வளர்த்தார்கள். மறுபக்கம் ஈடன் முகத்துவாரத்தின் சேற்றுக்கரையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தார் உவர்நிலப் புற்களை நட்டு அலையின் வேகத்தைக் குறைக்க முயன்று வருகிறார்கள்.

வடக்கே மான்ட்ரோஸில் நிலைமை கடுமை. பதினாறாம் நூற்றாண்டிலிருந்து கோல்ஃப் ஆடிவரும் ஊர். அங்கே சில இடங்களில் முப்பது ஆண்டுகளில் எழுபது மீட்டர் அளவுக்குக் கடல் உள்ளே வந்துவிட்டது என்று டண்டீ பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. தொடங்கும் இடங்களை உள்ளே தள்ளி வைத்தார்கள். குழிகளின் போக்கை மாற்றினார்கள். அப்படித் தள்ள உள்ளே இடம் வேண்டும். செயின்ட் ஆண்ட்ரூஸில் குன்றுக்கு அடுத்து இருப்பது 1897-இல் திறந்த ஜூபிலி மைதானம். அதற்கு அடுத்தது மோரிஸ் அமைத்த புது மைதானம். மூன்றாவதாகத்தான் பழைய மைதானம். கடல் வந்தால் முதலில் ஜூபிலியைத்தான் தொடும். அதனால்தான் க்ரீன்களைப் பார்த்துக்கொள்ளும் அறக்கட்டளையே குன்றுகளையும் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறது. அடுத்த ஓபனுக்கு க்ரீன் எத்தனை அடி ஓடும் என்பதைவிட, இந்தக் குளிர்காலத்தில் குன்றில் எவ்வளவு மாரம் வேர் பிடிக்கும் என்பதுதான் நான் அவர்களிடம் முதலில் கேட்க விரும்பும் கேள்வி.